வெள்ளை பூத்த கல்லும் மாவு உதிரும் கல்லும்

கேள்வி: திருப்பூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் புதிதாக வீடு கட்டியிருக்கிறோம். வாசலுக்கும் கார் வந்து போகும் வழிக்குமாகச் சேர்த்து 900 சதுர அடிக்கு ஆனி மாதம் பேவர் பிளாக் போட்டோம். ஐ ஷேப், 60 மி.மீ., சாம்பல் நிறம், ஓரத்தில் மட்டும் சிவப்பு. பில்லில் எம் 35 என்று எழுதியிருக்கிறது. இரண்டு மாதத்திலேயே கல்லெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. தினமும் பெருக்கினாலும் சிமென்ட் மாவு மாதிரி வந்துகொண்டே இருக்கிறது. கார் திரும்பும் இடத்தில் கல்லின் முனைகள் உடைகின்றன. கம்பெனிக்காரரைக் கேட்டால், "ஒரு மழை பெஞ்சா எல்லாம் சரியாயிடுமுங்க, மேஸ்திரி போட்டதுதான் சரியில்லை" என்கிறார். மேஸ்திரி, "கல்லே சரியில்லீங்க" என்கிறார். முதல் லோடில் மிஞ்சிய நாற்பது கற்கள் காம்பவுண்டு ஓரமாக இருக்கின்றன. பின்பக்கத்துக்காக வாங்கிய இரண்டாவது லோடு, தனி பில்லில், போன வாரம் வந்து இறங்கியிருக்கிறது. அதற்கு இன்னும் பணம் தரவில்லை. ஆசிட் ஊற்றிக் கழுவி மேலே பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறார் மருமகன். எல்லாவற்றையும் பெயர்த்து எடுக்க வேண்டுமா? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

ஆசிட் வேண்டாம், பெயின்ட்டும் வேண்டாம். மருமகனிடம் நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள். காம்பவுண்டு ஓரம் இருக்கும் நாற்பது கற்களை யாரும் எடுத்துச் செடிக்கு அண்டை கொடுக்காமல், பைக்குக்கு முட்டுக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருக்கும் மிக வலுவான சாட்சி அவைதான். தரையில் பதித்த கல்லின் மேல் மெஷின் வைத்துத் தட்டியிருப்பார்கள், கார் ஏறியிருக்கும், போர் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். அதில் எந்தக் குறையைக் காட்டினாலும் கம்பெனிக்காரர் மேஸ்திரியைக் கைகாட்ட முடியும். மிஞ்சிய கல் லாரியிலிருந்து இறங்கியது முதல் சும்மா இருக்கிறது. அதில் தெரியும் குறை கல்லோடு பிறந்த குறை.

அடுத்து, உங்கள் கடிதத்தில் இருப்பவை மூன்று தனித்தனிப் புகார்கள். வெள்ளை பூப்பது, மாவு உதிர்வது, முனை உடைவது. மூன்றும் ஒரே சமயத்தில் வந்ததால் ஒரே நோய் என்று தோன்றுகிறது. மூன்றுக்கும் காரணம் வேறு, தீவிரம் வேறு, பொறுப்பாளியும் வேறாக இருக்கலாம். அதிகம் பயமுறுத்துவது வெள்ளை. ஆனால் இருப்பதிலேயே சாதுவானது அதுதான். நான் கவலைப்படுவது மாவைப் பற்றி.

வெள்ளையை முதலில் முடித்துவிடுவோம். சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சுண்ணாம்பும் கொஞ்சம் உண்டாகிறது. கால்சியம் ஹைட்ராக்சைடு என்பார்கள். கல்லுக்குள் இருக்கும் ஈரத்தில் அது கரைந்து, ஈரம் காயும்போது மேலே வந்து, காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் படிவமாக நின்றுவிடுகிறது. நல்ல கம்பெனியின் நல்ல கல்லிலும் இது வரும். பலம் குறைந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. மழைத் தண்ணீர் அந்தச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிடும். ஐப்பசி மழையில் முதலில் கூடின மாதிரி தெரிந்து, பிறகு குறையலாம். முழுக்கப் போக ஒரு வருடம்கூட ஆகலாம். ஆக, "மழை பெஞ்சா சரியாயிடும்" என்று கம்பெனிக்காரர் சொன்னது இந்த ஒரு புகாருக்கு மட்டும் உண்மை. மற்ற இரண்டுக்கும் சேர்த்து அதையே அவர் பதிலாகச் சொல்வதை நீங்கள் ஏற்கக் கூடாது.

இதில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. வெள்ளையைக் கத்தியால் சுரண்டி ஒரு தட்டில் எடுத்து, அதன்மேல் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் நான் சொன்ன சுண்ணாம்பு. கல்லின் மேலேயே விட்டுப் பார்க்காதீர்கள், சிமென்ட்டே லேசாக நுரைக்கும், குழப்பமாகிவிடும். நுரைக்காமல், வெறும் தண்ணீரில் கரைந்து, காய்ந்ததும் மறுபடி மறுபடி வந்தால் அது மண்ணிலிருந்தோ உங்கள் போர் தண்ணீரிலிருந்தோ வரும் உப்பு. உங்கள் பக்கத்துப் போர்களில் பலவற்றில் உப்புத் தண்ணீர்தான். வாசலுக்கு அதை ஊற்றிக் கழுவினால் நீங்களே வெள்ளையைப் பூசுகிறீர்கள் என்றுதான் ஆகும். மிஞ்சிய நாற்பது கற்களிலும் வெள்ளை இருக்கிறதா என்று பாருங்கள். பதித்ததில் மட்டும் இருந்தால் தண்ணீர் மேல்தான் என் சந்தேகம்.

ஆசிட் ஏன் கூடாது என்றால், கக்கூஸ் கழுவும் ஆசிட் வெள்ளையை மட்டும் தின்று நிற்காது. மணலையும் ஜல்லியையும் பிடித்துவைத்திருக்கும் சிமென்ட்டையும் சேர்த்துத் தின்னும். ஏற்கெனவே மாவு உதிரும் கல்லில் ஊற்றினால் இன்னொரு அடுக்கு போய்விடும். சிவப்புக் கல் திட்டுத் திட்டாக வெளுக்கும். அதற்குப் பிறகு எந்த ஆய்வகத்துக்கு எடுத்துப்போனாலும், "ஆசிட் ஊற்றியதால் வந்தது" என்ற ஒரே வரியில் உங்கள் புகார் முடிந்துவிடும். பெயின்ட்டும், மேலே பூசும் சீலர் என்ற அடைப்புப் பூச்சும் ஈரத்தை உள்ளே அடைக்கும். உதிரும் பரப்பில் எந்தப் பூச்சும் நிற்காது, மாவோடு சேர்ந்து அதுவும் உரிந்து வரும்.

சரி, மாவுக்கு வருவோம்.

புதுக் கல்லில் ஆரம்பத்தில் கொஞ்சம் தூசி வருவது சகஜம். இடுக்கில் போட்ட மணலும் கொஞ்ச நாள் பறக்கும். அதனால் முதலில் ஒரு சதுர அடி இடத்தை நல்ல தண்ணீரால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். காய்ந்ததும் அகலமான செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி உரியுங்கள். அதே இடத்தில் ஐந்தாறு முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்து டேப் சுத்தமாகிவிட்டால் பயமில்லை. ஆறாவது முறையும் முதல் முறை போலவே சாம்பல் மாவு ஒட்டிக்கொண்டு வந்தால் கல்லின் பரப்பு இறுகவே இல்லை என்று பொருள்.

அப்படி இருந்தால் அடுத்த கேள்வி, மேல்தோல் மட்டும் கெட்டதா, கல் முழுக்கவே கெட்டதா என்பது. மிஞ்சிய கற்களில் ஒன்றைச் சுத்தியலால் இரண்டாக உடையுங்கள். ஒன்று போதும், அதற்கு மேல் உடைக்காதீர்கள். இரும்பு ஆணியால் மேல்பரப்பிலும், உடைந்த முகத்தின் நடுவிலும், அடிப்பக்கத்திலும் கீறுங்கள். நல்ல கல்லில் ஆணியின் கறுப்புக் கோடு மட்டும் விழும். மோசமான கல்லில் பள்ளம் விழுந்து மாவு வரும். மேலே இரண்டு மி.மீ. மட்டும் மாவாக இருந்து உள்ளே கெட்டியாக இருந்தால் அது தோல் குறை, சமாளிக்கலாம். உள்ளேயும் கீறல் விழுந்தால் அது கலவையின் குறை. உடைந்த முகத்தை இன்னும் கவனமாகப் பாருங்கள். ஜல்லி மேலிருந்து கீழ்வரை சமமாகப் பரவியிருக்கிறதா, அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டைகள் இருக்கின்றனவா, உடைந்த இடத்தில் சில ஜல்லிகளாவது இரண்டாகப் பிளந்திருக்கின்றனவா? பலமான கல்லில் உடைப்பு பல இடங்களில் ஜல்லியையே பிளந்துகொண்டு போகும். பலவீனமானதில் ஜல்லி முழுசாக நிற்க, சிமென்ட் மட்டும் அதைச் சுற்றி விட்டுப்போயிருக்கும். இரண்டு முழுக் கற்களை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். சொத்தென்று மண் சத்தம் வந்தால் நல்லதில்லை.

உங்கள் கல்லின் மேல்பரப்பு பளபளப்பா, சொரசொரப்பா என்று நீங்கள் எழுதவில்லை. பளபளப்பாக இருந்தால் ரப்பர் மோல்டில் ஊற்றியது. சொரசொரப்பாக இருந்தால் ஹைட்ராலிக் மெஷினில் அழுத்தி அடித்தது. மெஷின் கல்லுக்குக் கலவையில் தண்ணீர் மிகக் குறைவாகவே இருக்கும், அடித்த உடனே பலகையோடு வெளியே எடுத்து வைப்பார்கள். அந்த முதல் நாள்தான் ஆபத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் பக்கத்தில் ஆனி, ஆடியில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். நாலு பக்கமும் திறந்த ஷெட்டில் அப்போதுதான் அடித்த ஈரக் கல்லை வைத்தால், சிமென்ட் இறுகுவதற்கு முன்பே மேல்பரப்பின் ஈரத்தைக் காற்று உறிஞ்சிவிடும். தண்ணீர் இல்லாமல் சிமென்ட் இறுகாது. அந்த மேல்தோல் வெறும் சிமென்ட் தூளாகவே நின்றுவிடுகிறது. தார்ப்பாய் கட்டி மறைத்து, மறுநாள் முதல் ஈரம் காயாமல் வைத்திருந்தால் இந்தக் குறை வராது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456, சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த பிபிசி போன்ற சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாளும் ஈரத்தில் வைக்கச் சொல்கிறது. கடையில் இன்று அதிகம் கிடைப்பது பிபிசிதான். ஆர்டர் நெருக்கினால் மூன்றாம் நாளே லோடு ஏற்றுகிற யார்டுகளை, அதாவது கல் அடிக்கும் இடங்களை, நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சிமென்ட்டில் திருடுவதில்லை, நாளில் திருடுகிறார்கள். வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

எம்-சாண்டில், அதாவது பாறையை உடைத்துச் செய்யும் மணலில், பவுடர் அதிகமாக இருப்பது இன்னொரு காரணம். கழுவாத கிரஷர் தூள் சிமென்ட்டுக்கும் ஜல்லிக்கும் நடுவே புகுந்துகொண்டு பிடிப்பைக் கெடுக்கும். சிமென்ட்டையே குறைத்திருந்தால் உடைத்த முகத்திலேயே தெரிந்துவிடும், உள்ளே எங்கே கீறினாலும் உதிரும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய இன்னொரு சோதனையும் இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது. மிஞ்சியதில் இரண்டு கற்களை நல்ல வெயிலில் நாலைந்து நாள் காயவைத்து டிஜிட்டல் தராசில் எடை போடுங்கள். பிறகு 24 மணி நேரம் தண்ணீரில் முழுக வையுங்கள். எடுத்து வடியவிட்டு, ஈரத் துணியால் துடைத்து, மறுபடி எடை போடுங்கள். பேவர் பிளாக்குக்கான ஐஎஸ் 15658 விதிப்படி, கல் உறிஞ்சும் தண்ணீர் சராசரியாக அதன் எடையில் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எந்தத் தனிக் கல்லும் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 4 கிலோ கல் என்றால் 240 கிராம். ஆய்வகத்தில் அடுப்பில் 105 டிகிரியில் காயவைப்பார்கள். வெயிலில் காய்ந்த கல்லுக்குள் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும், அதனால் உங்கள் கணக்கு உண்மையைவிடக் குறைவாகத்தான் வரும். இதன் பொருள் முக்கியம். வீட்டுச் சோதனையிலேயே 6 சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வகத்தில் இன்னும் மோசமாக வரும், தைரியமாகப் பணம் கட்டி அனுப்பலாம். வீட்டில் 5 வந்தால் கல் நல்லது என்று முடிவுகட்டிவிட முடியாது.

முனை உடைவதற்கு மேஸ்திரியும் காரணமாக இருக்கலாம். பேவர் பிளாக்குகளுக்கு நடுவே 2 முதல் 4 மி.மீ. இடைவெளி விட்டு, அதில் பொடி மணலை நிரப்பித் தட்ட வேண்டும். இடைவெளியே இல்லாமல் நெருக்கிப் போட்டால், வண்டி ஏறும்போது கல்லும் கல்லும் முனையில் உரசிச் சில்லு தெறிக்கும், இன்னும் பலமான எம் 50 கல்லாக இருந்தாலும் தெறிக்கும். ஒரு பழைய ஏடிஎம் கார்டை எடுத்து இடுக்கில் விட்டுப் பாருங்கள். அதுகூட நுழையவில்லை என்றால் தவறு போட்ட விதத்தில். உடைந்த இடத்தில் ஒரு கல்லைப் பெயர்த்து அடியையும் பாருங்கள். அடிமணல் தட்டியபின் 20 முதல் 40 மி.மீ. இருக்க வேண்டும். மண்ணைச் சரியாக இறுக்காமல் மூன்று நாலு அங்குலத்துக்கு கிரஷர் தூளைக் கொட்டி மட்டம் பிடித்திருந்தால் கல் ஆடும், ஆடுகிற கல்லின் முனை உடையும். ஓரத்தில் அணைப்பாக நிறுத்தும் கர்ப் கல்லோ கான்கிரீட் பிடிமானமோ இல்லையென்றாலும் வரிசை விலகிப்போய் இதே கதிதான். டிப்பரில் கொண்டுவந்து சாய்த்துக் கொட்டினார்களா என்பதையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கொட்டும்போது விழுந்த விரிசல் பிறகு காரின் கீழ் உடைந்து தெரியும்.

இடைவெளி சரி, அடிமணல் சரி, அப்படியும் உடைகிறது, மிஞ்சிய கல்லின் முனையையும் குறடால் பிடித்து லேசாக நெரித்தால் பிஸ்கட் மாதிரி விட்டுவருகிறது என்றால் மேஸ்திரி சொன்னதுதான் உண்மை. இரண்டிலும் பாதிப் பாதித் தவறு இருப்பதும் நடப்பதுதான்.

இத்தனையும் உங்கள் மனத் தெளிவுக்கு. கம்பெனிக்காரரிடம் பேசுவதற்குக் காகிதம் வேண்டும். அதற்கு ஆய்வக அறிக்கை. அரசு பொறியியல் கல்லூரிகளிலும், சில பாலிடெக்னிக்குகளிலும், என்ஏபிஎல் என்ற ஆய்வகத் தர அமைப்பின் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களிலும் இதைச் செய்து கொடுப்பார்கள். கோயம்புத்தூர் உங்களுக்குப் பக்கம். அழுத்த பலத்துக்கு 8 கற்கள், நீர் உறிஞ்சலுக்கு 3 கற்கள் தேவை. நாற்பதில் 11 போக இன்னும் 12 கற்களை எண் போட்டுத் தனியாக எடுத்து வையுங்கள், மறுசோதனை என்று வந்தால் தேவைப்படும். நல்லதாகப் பார்த்தோ கெட்டதாகப் பார்த்தோ பொறுக்காதீர்கள். அடுக்கின் மேலே, நடுவே, அடியே என்று கலந்து எடுங்கள். எடுக்கும் நாளை முன்கூட்டியே கம்பெனிக்காரருக்கு எழுதித் தெரிவித்து, வந்து உடனிருக்கச் சொல்லுங்கள். வந்தால் ஒவ்வொரு கல்லிலும் மார்க்கர் பேனாவால் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வராவிட்டால் பக்கத்து வீட்டார் இருவரைச் சாட்சியாக வைத்து, வீடியோ எடுத்துக்கொண்டு வேலையை முடியுங்கள்.

ஆய்வகத்தில் கொடுக்கும் கடிதத்தில் "ஐஎஸ் 15658 முறைப்படி" என்று கட்டாயம் எழுதுங்கள். சில இடங்களில் சாதாரண கான்கிரீட் கியூபை நசுக்குகிற மாதிரி நசுக்கி ஒரு எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். பேவர் பிளாக்குக்குத் தடிமனையும், மேல் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டிருக்கிறதா என்பதையும் பொறுத்து ஒரு திருத்தக் காரணியால் பெருக்க வேண்டும். கல்லின் தடிமன், பரப்பளவு, அந்தக் காரணி, கல்லின் வயது நாலும் அறிக்கையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எம் 35 என்றால் 28 நாளில் ஒரு சதுர மி.மீ.க்கு 35 நியூட்டன் தாங்க வேண்டும். உங்கள் கல்லுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கான்கிரீட் நாளாக நாளாகக் கொஞ்சம் பலம் கூடும், குறையாது. ஆகவே தாமதமாகச் சோதிப்பது கம்பெனிக்காரருக்குத்தான் சாதகம். இத்தனை நாளுக்குப் பிறகும் 35 வரவில்லை என்றால் அவர் சொல்ல எதுவும் மிச்சமிருக்காது. ஒரு வாதத்தை மட்டும் எதிர்பாருங்கள். வீட்டு வாசலுக்கு எம் 30 போதுமே என்பார். நீங்கள் காசு கொடுத்தது பில்லில் எழுதியிருக்கும் எம் 35 கல்லுக்கு, அதைவிட்டு இறங்காதீர்கள்.

அறிக்கை வந்தபின் என்ன செய்வது? விதிப்புத்தகத்தில் இல்லாத என் சொந்தக் கணக்கைச் சொல்கிறேன். பலமும் நீர் உறிஞ்சலும் தேறி, தோல் மட்டும் உதிர்கிறது என்றால் பெயர்க்கவே வேண்டாம். மாதிரி எடுத்து முடித்தபின் ஈரச் சாக்கு விரித்துப் பத்து நாள் நல்ல தண்ணீர் ஊற்றி வையுங்கள். இறுகாமல் நின்றுபோன சிமென்ட் ஓரளவு இப்போதும் இறுகும், முழுக்க மீளாது. பிறகும் உதிர்ந்தால் சோடியம் அல்லது லித்தியம் சிலிகேட் ஹார்டனர் பூசலாம். அது கல்லில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து பரப்பைக் கெட்டியாக்கும். அந்தச் செலவைக் கம்பெனிக்காரர் தர வேண்டும். பலம் 25 பக்கம் வந்தால், ஆள் நடக்கிற வாசலுக்கு அது தாங்கும். கார் ஓடும் தடத்தையும் திரும்பும் இடத்தையும் மட்டும் மாற்றச் சொல்லி, மற்றதற்கு விலையில் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பேவர் பிளாக்கின் பெரிய வசதியே ஒரு பகுதியை மட்டும் பெயர்த்து மாற்றலாம் என்பதுதான். 20க்குக் கீழே போய், நீர் உறிஞ்சலும் 8, 9 என்று நின்றால் முழுவதையும் எடுக்கச் சொல்லுங்கள், தயங்காதீர்கள். இன்னும் இரண்டு மழைக்காலத்தில் அது மணலாகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு பேசுங்கள். பதித்துவிட்ட கல்லை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகத்தான் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் பார்க்கும். அதனால் முழு விலையையும் திருப்பிக் கேட்பது கடினமாகலாம். ஆனால் குறையால் வந்த நட்டத்தைக் கேட்கும் உரிமை போகாது. அதை விலையில் கழித்துக்கொள்ளவும் 59ஆம் பிரிவு இடம் தருகிறது. இரண்டாவது லோடு வேறு விஷயம். தனி பில், இன்னும் கை வைக்கவில்லை, வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதையும் ஆணியால் கீறி, தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள். அதே குறை இருந்தால் இந்த வாரமே "இந்தச் சரக்கை ஏற்கவில்லை" என்று எழுதிவிடுங்கள். நியாயமான காலம் தாண்டிச் சும்மா வைத்திருந்தால் அதுவும் ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஏற்காத சரக்கைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடமை உங்களுக்கு இல்லை என்று 43ஆம் பிரிவு சொல்கிறது. லாரி வாடகை அவர் பாடு. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும், ஸ்பீட் போஸ்டிலும் ஒரு கடிதம் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே பதியலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம். ஆணையம் போனால் கம்பெனிக்காரர், மேஸ்திரி இருவரையுமே எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் இல்லாதவர் மேல் பழியைப் போடுவார். சோதிக்காமல் குறையைக் கண்டுபிடிக்க முடியாது என்றால், ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் வழி உண்டு. நான் 12 கற்களைத் தனியாக வைக்கச் சொன்னது அதற்குத்தான். ஆனால் என் அனுபவத்தில் பெரும்பாலான யார்டுக்காரர்கள் அதுவரை போகவிடுவதில்லை. அறிக்கையைக் கையில் கொடுத்து, கோபப்படாமல், எத்தனை சதுர அடியை எப்போது மாற்றித் தருவீர்கள் என்று கேட்டால் பேச்சுக்கு வந்துவிடுகிறார்கள். மேஸ்திரியையும் அன்றைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள், பெயர்த்துப் போடும் கூலி யாருடையது என்பதும் அங்கேயே முடிவாகட்டும்.

மாற்றுக் கல் தருவதாக ஒப்புக்கொண்டால் பில்லில் தரம், தடிமன் இரண்டோடு கல் அடித்த தேதியையும் எழுதி வாங்குங்கள். அடித்து 28 நாள் ஆகாத கல் வேண்டாம் என்று ஆர்டரிலேயே சொல்லிவிடுங்கள். லோடு வரும்போது நீங்களோ மருமகனோ வாசலில் நில்லுங்கள். டிப்பரில் கொட்டவிடாமல் கையால் இறக்கி அடுக்கச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து கல்லை அங்கங்கே உருவித் தடிமனை அளந்து பாருங்கள், 57 முதல் 63 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இரண்டைத் தட்டிச் சத்தம் கேளுங்கள், ஒன்றை ஆணியால் கீறுங்கள். கல் பிடிக்கவில்லை என்றால் லாரி நிற்கும்போதே சலானில் அதை எழுதி ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்புங்கள். சரியாக இருந்தால் ஒரே அடுக்கிலிருந்து வரிசையாக எடுத்துப் போடாமல், மூன்று நாலு அடுக்கிலிருந்து கலந்து போடும்படி மேஸ்திரியிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை கல் அடிக்கும்போதும் வரும் நிற வித்தியாசம் கண்ணில் உறுத்தாது. எந்த லோடு வந்தாலும் இருபது கல்லை மிச்சம் பிடித்து, தேதி எழுதி, மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வைத்துவிடுங்கள்.